பௌத்த குழு ஒன்று உதவ வருகிறது: உலர் உணவுப் பொதியா, பொதுத் தோட்டமா?

படுவான்கரை ரீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். நான் வவுணதீவுப் பக்கம் முன்பள்ளி ஆசிரியை. ஊர் மாதர் சங்கத்திலும் இருக்கிறேன். கொழும்பிலிருந்து ஒரு சிறிய பௌத்த தொண்டுக் குழு வைகாசியில் வரும் வெசாக் பண்டிகை நேரம் எங்கள் ஊருக்கு வர இருக்கிறார்கள். அரிசி, பருப்பு, மா, சீனி போட்ட உலர் உணவுப் பொதி கொடுப்பதுதான் அவர்களுடைய எண்ணம். 2022இல் சாமான் விலை ஏறிய நேரம் இப்படி வந்த பொதிகளால்தான் இங்கே சில வீடுகளில் அடுப்பு எரிந்தது. அதனால் பொதியைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் பலநோக்கு மண்டபத்துக்குப் பின்னால் சங்கத்தின் அரை ஏக்கர் பற்றை மண்டிக் கிடக்கிறது. கிணறு உண்டு, வேலி இல்லை. கட்டாக்காலி மாடுகள்தான் அங்கே படுத்தெழும்புகின்றன. அந்தக் காசுக்கு வேலிக் கம்பியும் விதையும் மண்வெட்டியும் கிடைத்தால் கத்தரி, வெண்டி, பயற்றை, கீரை எல்லாம் போடலாம். என்னிடம் வரும் பிள்ளைகளில் சிலர் காலையில் பிளேன்ரீ மட்டும் குடித்துவிட்டு வருகிறார்கள். பத்து மணிக்கு அவர்களுக்கு ஒரு கோப்பை இலைக்கஞ்சி கொடுக்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

தானம் தர வருபவர்களிடம் "இது வேண்டாம், அதைத் தாருங்கள்" என்று கேட்பது அவர்களுடைய சமயத்தில் பிழையாகுமா? இரண்டு பிக்குமாரும் வருகிறார்களாம், ஊர் கூடி உழைக்கும் சிரமதானத்தில் அவர்களை எப்படிச் சேர்ப்பது? இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். காவி உடுப்பு காணிக்குள் கால் வைத்தால் நாளைக்குக் காணி யாருடையது என்று ஊரில் கேட்கிறார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்க என்னால் முடியாது.

அக்கரைப்பற்று அண்ணன்:

தாராளமாகக் கேளுங்கள் ரீச்சர். சுனாமிக்குப் பிறகு சர்வோதயம் என்ற கிராமத் தொண்டு இயக்கத்தோடு நின்று வேலை செய்தவன் நான், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். கூடதந்த சூத்திரத்தில் புத்தர் ஒரு பழைய கதை சொல்கிறார். நாட்டில் களவும் கொள்ளையும் பெருகிக் கிடக்கும்போது ஓர் அரசன் பெரிய யாகம் செய்யப் பார்க்கிறான். வரியைக் கூட்டாதே, கள்வரைக் கொன்றாலும் இது அடங்காது, பயிர் செய்பவனுக்கு விதையும் மாடு வளர்ப்பவனுக்குத் தீனியும் வியாபாரிக்கு முதலும் கொடு என்று புரோகிதர் சொல்கிறார். ஆகவே விதை கேட்பதில் பிழை தேட வேண்டியதில்லை. வருபவர்களுக்கு அந்தக் கதை கட்டாயம் தெரிந்திருக்கும்.

சர்வோதயம் தொடங்கியதும் இப்படித்தான். 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியராக இருந்த ஏ. ரி. ஆரியரத்ன, தன் மாணவர்களைக் கனதொலுவ என்ற ஒதுக்கப்பட்ட கிராமத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஊராரோடு ஒன்றாக நின்று உழைப்பதற்காகப் போனார்கள். சிரமதானத்தில் எனக்குப் பிடித்ததே அதுதான். அங்கே வாங்குபவர் கையேந்தி வரிசையில் நிற்பதில்லை, அவர் கையிலும் ஒரு மண்வெட்டி இருக்கும்.

பிக்குமாருக்கு மட்டும் மண்வெட்டியைக் கொடுத்துவிடாதீர்கள். மண் கிண்டுவதும் செடி கொடியை வெட்டுவதும் விநயம் என்ற அவர்களுடைய துறவு விதிப்படி கூடாது. மாரியில் பயிரையும் சிற்றுயிரையும் மிதித்து நடக்கிறார்களே என்று மக்கள் குறைப்பட்டதால்தான் அவர்களுக்கு மழைக்கால 'வஸ்' தங்கலே வந்தது. பிள்ளைகளோடு இருந்து பேசட்டும், பிரித் என்ற காப்புப் பாட்டை ஓதட்டும். சாப்பாட்டை மதியத்துக்கு முன்னமே கொடுத்துவிடுங்கள், அதற்குப் பிறகு உண்ண மாட்டார்கள்.

திருக்கோவில் தோட்டம்:

அக்கா, தேதிதான் என் கவலை. வைகாசியில் வறண்ட கச்சான் காற்று தொடங்கிவிடும். அந்த நேரம் நாற்றும் மரக்கன்றும் நட்டுப் படம் எடுத்துவிட்டுப் போனால் ஆவணிக்குள் எல்லாம் கருகிவிடும். இப்படிக் கருகிப்போன தோட்டங்களை இந்தக் கரையில் நிறையப் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் வயிறு எரியும். உங்கள் ஊரில் அம்மன் சடங்கும் அதே மாதம் என்றால் தண்ணீர் ஊற்ற ஆளும் கிடைக்காது.

வெசாக்குக்கு வேலியை மட்டும் முடியுங்கள். கம்பிக்குத் தூணாகக் கிளிசரிடியாத் தடிகளைக் கதியாலாக நடுங்கள். அது துளிர்க்கும் வரை தண்ணீர் வேண்டும்தான், ஆனால் வேர் பிடித்துவிட்டால் வெட்ட வெட்டத் தழைக்கும், அந்தத் தழையே பசளை. 2021இல் இரசாயன உரம் திடீரென்று நின்றபோது இலைதழை சேர்த்து மண்ணைப் பழக்கி வைத்திருந்தவர்கள்தான் கொஞ்சமாவது சமாளித்தார்கள். பற்றையை எரிக்க வேண்டாம், மாட்டெருவோடு குவித்து மூடிவிடுங்கள், மழைக்கு முன் மக்கிவிடும். புரட்டாசி முடிய நாற்று மேடை. பாத்தியை உயர்த்திப் போடுங்கள், மார்கழி வெள்ளம் பள்ளத்தில் நின்றால் கத்தரி வேர் அழுகிவிடும்.

செங்கலடி வாசகி:

காணி விஷயத்துக்கு மட்டும் சொல்கிறேன். சங்கத்தின் பேரில் உள்ள காணிப் பத்திரத்தின் பிரதியோடு, இன்ன நாள் சிரமதானம் என்று கிராம சேவையாளருக்கும் பிரதேச செயலகத்துக்கும் கடிதம் கொடுத்துவிடுங்கள். பெயர்ப்பலகையில் சங்கத்தின் பெயர் மட்டும் போதும். நினைவுக்கல், சிலை, கொடி எதுவும் காணிக்குள் வேண்டாம் என்று முதலே சொல்லுங்கள். நல்ல மனதோடு வருபவர்கள் இதற்குக் கோபப்பட மாட்டார்கள்.

படுவான்கரை ரீச்சர்:

மூவருக்கும் நன்றி. குழுவில் உள்ள அம்மா ஒருவரோடு தொலைபேசியில் பேசினேன். பெயர்ப்பலகை பற்றிய நிபந்தனையை முதலிலேயே சொன்னேன், மறுபேச்சில்லாமல் சரி என்றார். தனியாக இருக்கும் வயோதிபர்களுக்கும் படுக்கையில் இருப்பவர்களுக்கும் பொதி வரும், மீதிக் காசு கம்பிக்கும் மண்வெட்டிக்கும். விதையைப் புரட்டாசியில் அனுப்புவார்களாம். விளைச்சலில் முதல் பங்கு கஞ்சிப் பானைக்கு, மிச்சம் வேலைக்கு வந்தவர்களுக்கு என்று சங்கத்தில் பேசியிருக்கிறோம். வர முடியாத கர்ப்பிணிகளுக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று நான் நிற்கிறேன், அது இன்னும் முடிவாகவில்லை.

தம்பி, கடையில் வாங்கும் கலப்பின விதையை அடுத்த போகத்துக்கு எடுத்து வைத்துப் பயனில்லை. நாட்டுப் பயற்றை, புளிச்சைக் கீரை விதை உங்கள் பக்கம் யாரிடமாவது உண்டா? அக்கரைப்பற்று பஸ் நிலையம் வரை வந்து வாங்கிக்கொள்வேன்.