இன்டர்னலில் 34, செமஸ்டரில் அரியர்: எங்கே இடிக்கிறது?

சங்கரன்கோவில் பையன்:
எல்லோருக்கும் வணக்கம். இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு, அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி, ஹாஸ்டல் வாசம். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. மூன்றாம் செமஸ்டர் ரிசல்ட்டில் டிரான்ஸ்ஃபார்ம்ஸ் என்கிற கணக்குப் பேப்பர் போய்விட்டது. அதே பேப்பரில் எனக்கு இன்டர்னல் 40-க்கு 34! வகுப்பைக் கட் அடிக்கிற பழக்கமும் இல்லை. ஸ்டடி ஹாலிடேஸ் முழுக்க லோக்கல் ஆத்தர் புத்தகத்தில் உள்ள தீர்த்த கணக்குகளை மஞ்சளும் பச்சையுமாக ஹைலைட் செய்து திரும்பத் திரும்பப் படித்தேன். ஒவ்வொரு வரியும் புரிந்தது. முந்தின இரவு தூங்கக்கூட இல்லை. ஹாலில் உட்கார்ந்தால் இரண்டு வரிக்கு மேல் கை ஓடவில்லை. அரியரையும் நான்காம் செமஸ்டர் பேப்பர்களையும் சேர்த்து எழுத வேண்டும். "புரிந்து படி" என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள், புரிந்துதான் படித்தேன்.

மெக் சீனியர்:
ரொம்ப யோசிக்காதே தம்பி. பழைய கொஸ்டின் பேப்பர்களை எடு, திரும்பத் திரும்ப வருவதை மட்டும் பார். மூன்று யூனிட் போதும். நானெல்லாம் முந்தின இரவு முழித்துப் படித்தே ஆல் கிளியர்.

நெல்லை டியூஷன் அக்கா:
தம்பி, நான் அரியர் பேப்பர்களுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறவள். உன் கதையோடு வருடா வருடம் யாராவது வருகிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் சீனியர் சொன்ன மூன்று யூனிட் கணக்கு. இந்தப் பேப்பரில் ஐந்து யூனிட். டூ மார்க் பத்து, யூனிட்டுக்கு இரண்டு. 16 மார்க் ஐந்து, யூனிட்டுக்கு ஒன்று. மூன்று யூனிட்டுக்கு 48, டூ மார்க்கில் 12, ஆக மொத்தமே 60. 2021 ஒழுங்குமுறையில் இன்டர்னல் எவ்வளவு இருந்தாலும் எழுத்துத் தேர்வில் 100-க்கு 45 எடுத்தாக வேண்டும். 60-க்குள் 45 என்றால் சறுக்கவே இடம் இல்லை. அவருக்கு நடந்தது, சந்தோஷம். தீர்த்ததைப் பார்த்தே படிக்கிற பையனுக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

இப்போது உன் 34-க்கு வருவோம். இன்டர்னலுக்கு இரண்டு, இரண்டரை யூனிட்தான் போர்ஷன். நேற்றுப் பார்த்த கணக்கு இன்று வரும். பார்த்துப் படித்தவனுக்கு அது போதும். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் 2006-இல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். அப்புறம் சிலர் அதையே மறுபடி படித்தார்கள், சிலர் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்களுக்கு 81 சதவீதம் நினைவிருந்தது, எழுதியவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் படித்தவர்கள் 42, எழுதியவர்கள் 56! உன் இன்டர்னல் அந்த ஐந்து நிமிடத்துக் கதை, செமஸ்டர் ஒரு வாரத்துக் கதை. (அவர்கள் கொடுத்தது உரைநடைப் பத்தி, கணக்கு இல்லை. ஆனால் என் டியூஷனில் பார்ப்பதும் இதைத்தான்.)

தீர்த்த கணக்கைப் படிக்கும்போது எல்லாம் புரியத்தான் செய்யும். பரோட்டா மாஸ்டர் வீசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கும் வரும் போலத்தான் இருக்கிறது.

அலைச் சமன்பாட்டையே, அதாவது இரண்டு முனையிலும் கட்டிய கம்பி அதிர்கிற கணக்கையே எடுத்துக்கொள். நான்கு நிபந்தனைகள் எழுத வேண்டும். இரண்டு முனையும் கட்டியிருப்பதால் முதல் இரண்டும் பூஜ்யம், அது எல்லோருக்கும் வரும். கம்பியை இழுத்துப் பிடித்து விட்டால் ஆரம்ப வேகம் பூஜ்யம். சமநிலையில் இருக்கும் கம்பிக்கு வேகம் கொடுத்தால் ஆரம்ப இடப்பெயர்ச்சி பூஜ்யம். எது பூஜ்யமோ அது மூன்றாவது, பூஜ்யம் இல்லாதது கடைசி. நீ ஹைலைட் செய்தது முதல் வகையாக இருந்து, தாளில் இரண்டாவது வகை வந்தால் அங்கேயே நிற்பாய். எந்த நிபந்தனையை எப்போது போடுவது என்று நீயே ஒரு தடவையாவது முடிவு செய்து பார்த்திருக்க வேண்டும். மஞ்சள் மையில் அது வராது.

ஆகவே புத்தகத்தை மூடு. கேள்வியை மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு போடு. ரூம்மேட்டுக்குத் தமிழிலேயே ஒவ்வொரு படியும் ஏன் என்று சொல்லு. சொல்லத் திணறுகிற இடம்தான் உனக்குத் தெரியாத இடம். இரவு தூங்கு. கண் எரியும் நேரத்தில் மைனஸ் குறி பறக்கும், மற்றதைப் பற்றி நான் வேறு பேச வேண்டாம்.

பஸ் பிரயாணி:
நான் டே ஸ்காலர். பஸ்ஸில் போகும்போது நேற்று நடத்தியதைக் கண்ணை மூடி ஓட்டிப் பார்ப்பேன், எதுவரை வருகிறது என்று. முன்பு அந்த நேரத்தில் ரீல்ஸ் ஓடும். பெரிய படிப்பு ஒன்றும் இல்லை, ஆனால் எந்தக் கணக்கை மறந்துவிட்டேன் என்பது காலேஜ் வாசலுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

சங்கரன்கோவில் பையன்:
நன்றி அக்கா. நேற்று இரவு அரை வீச்சு சைன் தொடர் ஒன்றை மூடி வைத்துப் போட்டேன். தொகையிடலில் நின்றுவிட்டது. உடனே முழு விடையையும் பார்த்துவிடத்தான் கை போகிறது. என்ன செய்வது?

நெல்லை டியூஷன் அக்கா:
நின்ற இடத்தில் ஒரு கோடு போடு. புத்தகத்தில் அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடு, தொடர்ந்து போடு. இரண்டு நாள் கழித்து அதே கணக்கை முதலிலிருந்து. அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டே வா. பெரும்பாலும் தொகையிடலுக்கான பெர்னௌலி சூத்திரத்தில் குறி மாறுகிற இடத்திலோ, cos nπ மதிப்பைப் போடுகிற இடத்திலோதான் விழும். அங்கே விழுந்தால் அதை மட்டும் தனியாக நாலைந்து போட்டுவிடு, முழுக் கணக்கு வேண்டாம்.

அப்புறம் ஒன்று. பின்னால் டிஎஸ்பி (டிஜிட்டல் சிக்னல் புராசஸிங்) படிக்க வேண்டி வரலாம். அதற்கு இசட் டிரான்ஸ்ஃபார்ம் எப்படியும் வேண்டும். அரியர் பேப்பரின் ஐந்தாம் யூனிட்டிலிருந்தே ஆரம்பி.