‘ஒரு டிரிங்க்’னா கட்டிங்கா குவார்ட்டரா? பசங்க குடியும் செயலிகளும்: உங்கள் அனுபவம் சொல்லுங்க

கரும்பலகை:

பிளஸ் டூ வகுப்பாசிரியர். விழுப்புரம் பக்கம். பாண்டி எல்லை பஸ்ஸில் அரை மணி நேரம். மது வாங்க இங்கே 21 வயசு, அங்கே 18. மேற்கொண்டு விளக்க வேண்டாம்.

போன மாதம் பசங்களை ஹைடெக் லேபில் உட்கார வைத்து குடிப்பழக்கம் எந்த அளவில் இருக்கிறது என்று மதிப்பெண் போடும் மூன்று கேள்வி ஆடிட்-சி படிவத்தை நிரப்பச் சொன்னேன். எத்தனை நாளைக்கு ஒரு தடவை, குடிக்கும் நாளில் எத்தனை, ஒரே தடவையில் ஆறோ அதற்கு மேலோ எப்போதெல்லாம். பெயர் கேட்காது, எங்கேயும் போகாது என்று சத்தியம் பண்ணாத குறை. இரண்டாவது கேள்வியில் மாட்டினேன். தமிழில் ‘நிலையான பானம்’ என்று போட்டிருந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒருத்தன் கேட்டான். நக்கலே இல்லை, நிஜமான சந்தேகம். “சார், நிலையான பானம்னா கட்டிங்கா, குவார்ட்டரா?”

எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். அப்புறம் எனக்கே தெரியாது என்று உறைத்தது. தேடிப் பார்த்து, பிராந்தி, விஸ்கி மாதிரிச் சரக்கில் 30 மில்லி என்றேன். அவன் விரலை மடக்கிக் கணக்குப் போட்டான். “நாலு பேர் ஒரு ஃபுல்லு அடிப்போம். ஆளுக்கு ஆறு வருது சார்.” ஃபுல்லு 750 மில்லி. தட்டினான். மூன்று கேள்விக்கும் சேர்த்து மதிப்பெண் 12க்கு 6. திரை முழுக்கச் சிவப்பு, நடுவில் ‘உடனே மருத்துவரை அணுகவும்’. எங்கள் லேபில் ஒரு கம்ப்யூட்டருக்கும் அடுத்ததற்கும் ஒரு முழம்கூட இடைவெளி கிடையாது. பக்கத்தில் இருந்தவன் எட்டிப் பார்த்து “டேய், ரெட்டுடா!” என்றான். அன்று சாயங்காலத்துக்குள் அவன் பெயரே ரெட்டு ஆகிவிட்டது. அடுத்த ரெண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை.

படிவம் எங்கேயும் போகாது என்று நான்தான் சொன்னேன். பக்கத்து நாற்காலியை யோசிக்கவில்லை. உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கா? செயலி, வாட்ஸ்அப், எதுவானாலும் எழுதுங்க.

திருப்பூர் அம்மா:

எங்க பையன் பதினொண்ணாவதுங்க. எனக்கு பனியன் கம்பெனில வேலை, வீட்டுக்கு வர ஒம்பது ஆயிரும். ஒருக்கா துணி துவைக்கறப்ப அவன் பேன்ட் பாக்கெட்டுல ஏலக்கா, பபிள்கம், பாக்குப் பொட்டலம் எல்லாம் ஒண்ணா கெடந்துச்சு. அதுக்கு மேல என்னத்தக் கேக்கறது. எங்கண்ணன் பையன்கிட்டச் சொல்லி, ஆளு எங்க இருக்கான்னு காட்டற செயலிய அவன் ஃபோன்ல போட்டு வுட்டேன்.

ரெண்டு மாசம் அந்தப் புள்ளியத்தான் பாத்துட்டு இருந்தேனுங்க. ஓவர்லாக் மிசின்ல உக்காந்துட்டே பாப்பேன், சூப்பர்வைசர் ரெண்டு தடவ சத்தம் போட்டாரு. ஆறு மணிக்கு டியூசன் மேல புள்ளி. ஏழுக்கும் டியூசன். எட்டரைக்கும் டியூசன். மனசு நெறஞ்சு போச்சு எனக்கு.

ஒருநா ராத்திரி வண்டியக் கொண்டாந்து நிறுத்துனான். சைடு ஸ்டாண்ட காலால தேடறான், தேடறான், அது அம்புடவே இல்ல. மூணாவது தடவ வண்டியோட சாஞ்சுட்டான். ஃபோனக் காணம். காலைல அவங்கூடப் படிக்கற பையன் கொண்டாந்து குடுத்தான். “டியூசன்லயே வெச்சுட்டுப் போயிட்டான் அத்தை, தெனமும் அப்படித்தான்.”

நான் அழுதேன். அவன் திரும்பியே பாக்காம சொன்னான், “நீ ஃபோனத்தானம்மா பாத்துட்டு இருந்த.” இன்னிக்கும் மிசின்ல உக்காந்தா அந்த வார்த்தைதான் காதுல கேக்குது.

ஓய்வு பெற்ற வி.ஏ.ஓ:

ஆசிரியர் மன்னிக்க வேண்டும். வகுப்பறையில் குவார்ட்டர் கணக்கு சொல்லிக் கொடுத்ததைப் பெருமையாக வேறு எழுதியிருக்கிறீர்கள்.

என் அனுபவம் சின்னது. பேரன் ஃபோனில் என் மகன் ஏதோ ஒரு செயலி போட்டுக் கொடுத்தான். தினமும் காலையில் ஒரு குறள் வரும். கள்ளுண்ணாமை பத்தும் வந்து முடிந்து, பதினோராம் நாள் மறுபடி முதலிலிருந்து வந்தது. பேரன் அதை மியூட்டில் போட்டுவிட்டான். அவ்வளவுதான்.

இப்போது நான் சொல்ல வந்தது. சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 77 என்று ஒன்று இருப்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு மது கொடுத்தாலோ கொடுக்க வைத்தாலோ 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். கடைக்காரருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். “நீ வெளியே நில்லுடா தம்பி, நான் வாங்கிட்டு வர்றேன்” என்று உள்ளே போகிற அண்ணன்மாருக்கும் அதுதான். பெற்றோர் முதலில் செய்ய வேண்டியது, பையனுக்கு வாங்கிக் கொடுக்கிற ஆள் யார் என்று கண்டுபிடிப்பது. எப்போதும் ஒரு ஆள் இருப்பான், அவனுக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், சொந்தத்தில் ஒருவனாகக்கூட இருக்கலாம். இரண்டாவது, கையில் கொடுக்கும் காசு. மூன்றாவது, ஜி-பே. காசு கொடுக்கவில்லை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போது நாலு பேர் ஐம்பது ஐம்பதாக ஒருத்தனுக்கு அனுப்பியிருப்பார்கள். நான்காவது, கல்யாண வீடு, கோயில் திருவிழா, தேர்தல் நேரம். இந்த மூன்றிலும் பையனை இரவு தங்க விடாதீர்கள். 2003ல் அரசே சில்லறை மதுக்கடை நடத்த ஆரம்பித்த நாளிலிருந்து நான் கிராமத்தில் பார்த்துக்கொண்டு வருகிறேன். கடை திறந்திருக்கும் வரை செயலியால் ஒன்றும் ஆகாது.

கரும்பலகை:

ஐயா, பெருமையாக எழுதவில்லை. கணக்கு தெரிந்திருந்தால் நல்லது என்றுதான் இப்போதும் சொல்வேன். குவார்ட்டர் 180 மில்லி. நம் ஊர்ச் சரக்கில் 42.8 சதவீதம் ஆல்கஹால். எடையில் சுமார் 60 கிராம். ஒரே தடவையில் 60 கிராமோ அதற்கு மேலோ மாதம் ஒருமுறை போனாலே அளவு மீறிய குடி என்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிறது. பசங்க பேச்சில் அதற்குப் பெயர் ‘ஒரே ஒரு குவார்ட்டர்தான் சார்’.

இன்னொன்று. அதே படிவத்தில் நானாக ஒரு கேள்வி சேர்த்திருந்தேன்: ‘உன் வகுப்பில் எத்தனை பேர் குடிப்பார்கள் என்று நினைக்கிறாய்?’ 38 பேர் வகுப்பு. முக்கால்வாசிப் பேர் இருபதுக்கு மேல் போட்டிருந்தார்கள். குடித்ததாக ஒப்புக்கொண்டது 7 பேர். பொய் சொன்னவர்களைச் சேர்த்தாலும் இருபது வராது. இதைப் போர்டில் எழுதிப் போட்டேன். அப்போது மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

ராத்திரி டூட்டி:

அரசு ஆஸ்பத்திரி, அவசரப் பிரிவு நர்ஸ். சனிக்கிழமை, மணி பன்னிரண்டு இருக்கும். மூணு பசங்க சேர்ந்து ஒருத்தனை ஷேர் ஆட்டோவில் தூக்கிட்டு வந்தாங்க. பதினாறு வயசு. சட்டை, கழுத்து, மூக்கெல்லாம் தயிர். “ரீல்ஸ்ல போட்டிருந்துச்சுக்கா, தயிர் குடுத்தா இறங்கிடும்னு.” நினைவில்லாம கிடக்கிறவன் வாயில் ஒரு பாக்கெட் தயிரை ஊத்தியிருக்காங்க. சக்‌ஷன் போட்டேன், டியூப்ல வெள்ளையா வந்துக்கிட்டே இருந்துச்சு. சொன்ன பையன் கையில ஃபோன் அப்படியே இருக்கு, அணைக்கக்கூடத் தோணல அவனுக்கு. அந்த ரீல் முடிஞ்சு முடிஞ்சு மறுபடி ஓடுது. ஒரு ஆள் சிரிச்சுக்கிட்டே கிண்ணத்துல தயிர் ஊத்துறான். திரும்பத் திரும்ப ஊத்துறான்.

பையன் பிழைச்சுட்டான். நுரையீரலுக்குள்ள போனதால மூணு நாள் ஆக்சிஜன்.

யாரும் கேக்கல, ஆனாலும் சொல்றேன். தட்டி எழுப்பினா எழலேன்னா 108 கூப்பிடுங்க. போலீஸ் வரும்னு பயந்து மொட்டை மாடியில படுக்க வைக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாந்தி வந்தா வெளியே போகட்டும். மல்லாக்கப் படுக்க வைச்சா அதுவே உள்ளே இறங்கிடும். எலுமிச்சை, மோர், காபி, தயிர், உப்புத் தண்ணி எதுவும் வாயில ஊத்தாதீங்க. தலையில பச்சைத் தண்ணி ஊத்துறதும் வேணாம், உடம்பு ஏற்கெனவே சில்லுன்னு ஆகிட்டு இருக்கும். மூச்சை எண்ணுங்க, ஒரு நிமிஷத்துக்கு எட்டுக்குக் கீழே போனா ஆபத்து. தூங்கினா தெளிஞ்சிடும்னு நினைக்காதீங்க, கடைசியா குடிச்சது ரத்தத்துல ஏற நேரம் எடுக்கும், குடிக்கறத நிறுத்தின பிறகும் ஏறிக்கிட்டே இருக்கும். கூடவே ஒரு ஆள் முழிச்சிருக்கணும். செயலி செய்யறவங்க யாராவது இதைப் படிச்சா, சிவப்பு பச்சை எல்லாம் அப்புறம் வச்சுக்கோங்க. முதல் பக்கத்துல இதைப் போடுங்க.

பூஜ்யம்:

வயசு 19. வி.ஏ.ஓ ஐயா சொன்ன அந்த ‘இருபத்தைந்து வயது ஆள்’ எங்க மாமா பையன். அந்த ஒரு பாயின்ட் மட்டும் கரெக்ட்.

பாலிடெக்னிக் முதல் வருஷம், 17 வயசுல நானே நிறுத்தணும்னு நாள் எண்ற செயலி ஒண்ணு போட்டேன். யாரும் சொல்லல, நானே. தினமும் ஒரு நம்பர் ஏறும். 41 வரைக்கும் ஏத்திட்டேன். அக்கா கல்யாணம், மண்டபத்துக்குப் பின்னாடி வண்டி நிறுத்துற இடம், பிளாஸ்டிக் டம்ளர், பாதி பீர். அவ்வளவுதான். காலைல நேர்மையா அழுத்தினேன். ‘மறுபடி தொடங்கவா?’ன்னு கேட்டுச்சு. ஆமான்னேன். 41 அப்படியே சுழன்று 0 ஆச்சு. சுழற்சிக்கு அனிமேஷன் வேற வச்சிருந்தாங்க.

அடுத்த நாலு நாள் தொடர்ந்து குடிச்சேன். பூஜ்யத்துக்குக் கீழே போகாதுல்ல.

42 நாள்ல 41 நாள் குடிக்கலன்னு காட்டியிருந்தா நான் வேற மாதிரி யோசிச்சிருப்பேன். கணக்கு ஒண்ணுதான், காட்டுற விதம் வேற. இப்ப கேலண்டர்ல பேனாவால டிக் பண்றேன். தப்பின நாள் வெறும் கட்டம், அதோட பக்கத்துக் கட்டம் எல்லாம் அழியாம அப்படியே இருக்கு.

ஹாஸ்டல் ஜன்னல்:

எல்லாரும் பையன் பையன்னே எழுதறீங்க. நான் பொண்ணு. பிளஸ் ஒன்ல சுற்றுலா போனப்ப ரெண்டு தடவை, அப்புறம் ஒரு பிறந்தநாள்ல. மூணாவது தடவை என்ன நடந்ததுன்னு எனக்கு ஞாபகமே இல்ல. அந்த ஞாபகம் இல்லாததுதான் பயமா இருந்துச்சு.

பள்ளியில ‘ரகசியமாகப் பேசலாம்’னு ஒரு லிங்க் கொடுத்தாங்க. ராத்திரி பதினொன்றரைக்குப் போர்வைக்குள்ள திறந்தேன். நாலு வரி டைப் பண்ணினேன். அனுப்பப் போனா ஓ.டி.பி கேட்டுச்சு. என் ஃபோனையே பாத்துக்கிட்டு இருக்கேன், வரல. பக்கத்து ரூம்ல அப்பா ஃபோன் டிங்குன்னுச்சு. பள்ளிப் பதிவேட்டுல இருக்கறது அப்பா நம்பர்.

“என்னம்மா, இந்நேரத்துக்கு ஓ.டி.பி வருது?”

ஹால் டிக்கெட்னு சொன்னேன். நாலு வரியையும் அழிச்சேன். 18க்குக் கீழே இருக்கறவங்க தகவலைக் கையாள பெற்றோர் சம்மதம் வேணும்னு 2023ல வந்த தரவுச் சட்டம் சொல்றது எனக்கு இப்பத் தெரியும், காலேஜ்ல படிக்கிறேன். அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சது அந்த டிங் மட்டும்தான்.

சிட்னிவாசி:

நான் யாழ்ப்பாணம், இப்ப சிட்னியில வென்ட்வொர்த்வில் பக்கம். வி.ஏ.ஓ ஐயாவோட எனக்கு உடன்பாடு இல்லை. கணக்குப் படிப்பிச்சால் பிள்ளையள் கெட்டுப்போகும் எண்டது பிழை. இஞ்ச பள்ளிக்கூடத்தில கணினியில கார்ட்டூன் கதையா ஒரு பாடம் இருக்கு, முந்தி கிளைமேட் ஸ்கூல்ஸ் எண்டு பேர், இப்ப அவர்ஃபியூச்சர்ஸ். மகள் எட்டாம் ஆண்டில படிச்சவள். இஞ்ச ஒவ்வொரு போத்திலிலயும் அதுக்குள்ள எத்தினை ‘ஸ்டாண்டர்ட் டிரிங்க்’ எண்டு அச்சடிச்சிருக்கும், ஒண்டு எண்டால் 10 கிராம் அல்ககோல். நான் இருபது வருசமா அந்த எழுத்தைப் பார்க்கவே இல்லை.

மச்சானின்ர பிறந்தநாள். சனம் நிறைய. மேசையில இருந்த வைன் போத்திலை மகள் தூக்கித் திருப்பிப் பார்த்திட்டு எல்லாருக்கும் கேக்கச் சொன்னவள், “அப்பா, இதில எட்டு எண்டு கிடக்கு. நீங்கள் பாதி முடிச்சிட்டியள். அப்ப நாலு. நீங்கள்தானே கார் ஓடப்போறியள்?” ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. மச்சான் மட்டும் சிரிச்சவர். நான் கார்த் திறப்பை எடுத்து மனிசியிட்டக் குடுத்தன். வீடு போய்ச் சேரும் வரைக்கும் ஒரு கதையும் இல்லை. அண்டைக்கு எனக்கு வந்தது வெக்கமோ கோவமோ எண்டு இண்டைக்கும் தெரியாது.

ஓய்வு பெற்ற வி.ஏ.ஓ:

சிட்னியில் பாட்டிலில் எழுதியிருப்பதைப் பிள்ளை படிக்கிறது. இங்கே பிள்ளை கையில் பாட்டிலே இருக்கக் கூடாது என்பது என் கட்சி. இரண்டும் வேறு பேச்சு. அந்த ஹாஸ்டல் பெண் எழுதியதற்கு மட்டும் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நானும் ஒரு அப்பாதான்.

திருப்பூர் அம்மா:

டீச்சருங்களே, அந்தப் பையன் திரும்ப வந்தானுங்களா?

கரும்பலகை:

வந்தான். மூன்றாம் நாள். என்னிடம் ஒன்றும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில், “சார் அந்த லிங்க் ஒருவாட்டி அனுப்புங்க.” அனுப்பினேன். கால் மணி நேரம் கழித்து ஒரு ஸ்க்ரீன்ஷாட். அதே சிவப்பு. 12க்கு 11.

“எங்கப்பாவுக்குப் போட்டுப் பாத்தேன் சார்.”

ரெண்டு நீல டிக் விழுந்துவிட்டது, நான் பார்த்தது அவனுக்குத் தெரியும். இன்னும் பதில் போடவில்லை.

ராத்திரி டூட்டி:

போடுங்க சார், இப்பவே. 14416, டெலி-மானஸ், அரசோட மனநல உதவி எண், இலவசம், தமிழ்ல பேசலாம், ராத்திரியும் எடுப்பாங்க. அப்பாதான் கூப்பிடணும்னு இல்ல, அவனே கூப்பிடலாம்.

கரும்பலகை:

ஓ.டி.பி கேட்காதே?

ராத்திரி டூட்டி:

சாதாரண ஃபோன் கால்தான் சார்.