சண்டர்லாண்ட் 1/72: மூடினால் தெரியாத சமையலறைக்கு இன்னும் மெனக்கெடலாமா? உடலும் மூட மாட்டேன் என்கிறது

கரைவலைப் பேரன் (சாட்ஸ்வர்த்)

எல்லோருக்கும் வணக்கம். இத்தாலெரி கம்பெனியின் பிளாஸ்டிக் மாடல் கிட், நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு அளவு. சண்டர்லாண்ட், அதாவது தண்ணீரில் இறங்குகிற போர்க்காலப் பறக்கும் படகு, மூன்றாம் வகை. மூன்று மாதமாக இதன் வயிற்றுக்குள்ளேயே கிடக்கிறேன், இன்னும் இறக்கையைத் தொடவில்லை. கீழ்த்தட்டில் படுக்கை, மேஜை, சமையலறை எல்லாம் முடிந்தது. கிட்டில் வந்தது போதாதென்று, பாகங்கள் ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டமான ஸ்ப்ரூவைத் தணலில் காட்டி இழுத்து இரண்டு மண்ணெண்ணெய் அடுப்பு செய்தேன். ஒவ்வொன்றும் நாலு மில்லிமீட்டர் உயரம். அதன்மேல் ஒரு கெட்டில். அதன் மூக்கு மட்டும் இரண்டு ராத்திரி சாப்பிட்டது.

நேற்று உடலின் இரண்டு பாதியையும் பசை இல்லாமல் சேர்த்து, மாஸ்கிங் டேப் ஒட்டி, வட்ட ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கும்மிருட்டு. போன் டார்ச் அடித்தேன். மேஜையில் ஒரு மூலை தெரிந்தது. அடுப்பு? ம்ஹூம்.

மேல்தட்டில் ரேடியோக்காரர், நேவிகேட்டர், எஞ்சினியர் மூவரின் இடமும் பாக்கி. அதையும் இதே மாதிரி இழைக்கலாமா, இல்லை மூடிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாமா? இன்னொரு தலைவலி, முதுகுப் பக்கம் இறக்கைக்குப் பின்னால் ஒரு மில்லிமீட்டர் வாய் பிளந்து நிற்கிறது. அழுத்தினால் மூடுகிறது, கையை எடுத்தால் திறந்துகொள்கிறது.

ஏன் சண்டர்லாண்ட் என்று கேட்பீர்கள். எங்கள் தாத்தா டர்பன் விரிகுடாவில் கரைவலை இழுத்தவர். விரிகுடாக் கரையில் காங்கெல்லாவில் மிதவையில் கட்டியிருந்த இந்த விமானங்களைத் தாண்டித்தான் படகு போகுமாம். காலையில் தண்ணீர்மேல் முட்டை பொரிக்கிற வாசனை வரும் என்பார். ஏரோப்ளேனுக்குள் அடுப்பெரிக்கிறான் பார் என்று ஆயாவிடம் சொல்ல, ஆயா கடைசிவரை நம்பவில்லை.

உப்புத்தாள் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

முதலில் வாய் பிளந்த கதை. கிளாம்ப் போட்டு நெருக்கி ஒட்டாதீர்கள். இன்றைக்கு மூடும், ஆறு மாதம் கழித்து, அதுவும் பெயின்ட் அடித்தபிறகு, தையல் பிரியும். எனக்குப் பிரிந்திருக்கிறது.

பெரும்பாலும் இது பெயின்ட் கனம்தான். உடலுக்குள் குறுக்கே நிற்கும் தடுப்புச் சுவரின் விளிம்பு, அது உட்காரும் பள்ளம், இரண்டிலும் ப்ரைமர், பெயின்ட், வார்னிஷ் ஏறியிருக்கும். கொஞ்சம் குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்துத் தடுப்புகளின் விளிம்பில் தடவி, ஈரம் இருக்கும்போதே உடலை மூடித் திறந்து பாருங்கள். எதிர்ப் பாதியில் எங்கே சிவப்பு அழுந்தியிருக்கிறதோ அங்கேதான் இடிக்கிறது. எண்ணெயில் குழைக்க வேண்டாம், அப்புறம் பசை பிடிக்காது. இடிக்கிற இடத்தில் 400 உப்புத்தாள், நாலு இழுப்பு, மறுபடி சோதனை. வெளியே தெரியாத தடுப்பாக இருந்தால் மேல் விளிம்பை அரை மில்லிமீட்டர் தாராளமாகவே சீவிவிடலாம்.

ஒட்டும்போது முழு நீளத்துக்கும் ஒரேயடியாகப் பசை விடாதீர்கள். மூக்கிலிருந்து நாலு நாலு சென்டிமீட்டராக, டேப் போட்டு, காய்ந்தபின் அடுத்தது.

மிட்ரண்ட் மதுரைக்காரன்

மூடுங்க தம்பி. நீங்களே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டீர்கள், இனிமேல் கேட்க என்ன இருக்கிறது?

நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு பி-25 மிட்செல் செய்தேன், அதே 1/72. வால் துப்பாக்கிக்காரரின் இடம்வரை ஒவ்வொரு பெட்டியும் தோட்டாச் சங்கிலியும் வைத்தேன். மூக்குச் சக்கரம் உள்ள விமானம், முன்னால் எடை போட வேண்டும். காக்பிட் தரைக்கடியில் இருந்த இடத்தையெல்லாம் நான் ஏற்கெனவே அடைத்திருந்தேன். மூடி, பெயின்ட் அடித்து, சக்கரம் வைத்து மேஜையில் நிறுத்தினால் நாய்க்குட்டி மாதிரி வாலில் உட்கார்ந்தது. இன்றுவரை வாலுக்கடியில் ஒரு கண்ணாடிக் குச்சிதான் முட்டுக்கொடுக்கிறது. உங்கள் கப்பலுக்கு அந்த எடைத் தொல்லை இல்லை, அதிர்ஷ்டசாலி.

பைலட் இருக்கைகளும் அவற்றுக்கு ஒட்டிப் பின்னால் இருப்பதும் கண்ணாடி வழியாகத் தெரியும். அதைச் செய்யுங்கள். அதற்கும் பின்னால் கறுப்பு அடித்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

ஒன்பது சிலிண்டர் (பீனிக்ஸ்)

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். உள்ளே தெரியாத கெட்டிலைப் பேசுகிறோம், வெளியே தெரிகிற எஞ்சினை யாரும் பேசவில்லையே. தாத்தா பார்த்த விமானம்தான் வேண்டும் என்றால் இது அந்த விமானம் இல்லை.

தென்னாப்பிரிக்க விமானப்படையின் 35ஆம் படைப்பிரிவு 1945 முதல் 1957 வரை டர்பனில் ஓட்டியது ஐந்தாம் வகை. உங்கள் கிட் மூன்றாம் வகை, அதில் இருப்பது பிரிஸ்டல் பெகாசஸ், ஒரே வரிசையில் ஒன்பது சிலிண்டர். ஐந்தாம் வகையில் பிராட் அண்ட் விட்னி ட்வின் வாஸ்ப், இரண்டு வரிசை, பதினான்கு சிலிண்டர். எஞ்சின் மூடி வேறு, ப்ரொப்பெல்லர் வேறு. இறக்கை முனைக்குக் கிட்டே அடியில் ரேடார் உருண்டைகள் தொங்கும்.

ட்வின் வாஸ்ப் கிடைப்பது சிரமமில்லை. டகோட்டா, கேட்டலினா, லிபரேட்டர் மூன்றிலும் அதே குடும்பம்தான். உடைந்த லிபரேட்டர் ஒன்று கிடைத்தால் நாலு எஞ்சினும் ஒரே இடத்தில். ஆனால் எஞ்சினை மட்டும் எடுங்கள், லிபரேட்டரின் மூடி முட்டை வடிவம், இதற்கு ஒத்துவராது.

மேல்தட்டுக்குச் செலவழிக்க இருந்த மாதத்தை இதற்குக் கொடுங்கள்.

கரைவலைப் பேரன்

அண்ணா, வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டீர்கள். மூன்று மாதம் அடுப்பு செய்தவன் எஞ்சினை எண்ணிப் பார்க்கவில்லை. ஆயா இருந்திருந்தால் சிரித்தே மாய்ந்திருப்பார்.

கோமதி அக்கா (லெனேசியா)

தம்பி, மனசு விட வேண்டாம். மதுரைக்காரர் சொல்வதில் பாதிதான் எனக்குச் சம்மதம். ரேடியோக்காரரின் இடத்தை விடுங்கள், சரி. ஆனால் அந்த அடுப்பை வீண் வேலை என்று சொல்லாதீர்கள். தாத்தா பேச்சை ஆயா நம்பவில்லை என்பதற்காகத்தானே அதைச் செய்தீர்கள்? யாருக்குத் தெரிகிறது என்பது அங்கே கணக்கில்லை.

மூடுவதற்குமுன் நல்ல பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு ராண்ட் நாணயத்தை வைத்து. மாடலைக் காட்டும்போது படத்தையும் காட்டலாம். அப்புறம், இறக்கைக்கடியில் குண்டு அறையின் பக்கக் கதவுகளைத் திறந்தே ஒட்டுங்கள். நிஜ விமானத்தில் குண்டுகளைத் தண்டவாளத்தில் உருட்டி அந்த வழியாகத்தான் இறக்கைக்கடியில் கொண்டுவருவார்கள். நிஜமாகவே கண்ணில் படுகிற உள்பகுதி அதுதான்.

இரண்டு எச்சரிக்கை. ஜன்னல் கண்ணாடிகளை இப்போதே வைத்து ஒவ்வொன்றையும் டூத்பிக்கால் தள்ளிப் பாருங்கள். மூடியபின் ஒன்று உள்ளே விழுந்தால் போனது போனதுதான். உள்ளே சூப்பர் க்ளூ போட்டிருந்தால் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்துவிட்டு மூடுங்கள். அதன் ஆவி அடைபட்டால் கண்ணாடியெல்லாம் பால் மாதிரி பூத்துவிடும்.

கரைவலைப் பேரன்

பத்து நாள் கழித்து வருகிறேன். குங்குமம் வேலை செய்தது! இடித்தது நான் சந்தேகப்பட்ட தடுப்பே இல்லை, சமையலறைக்குப் பின்னால் இருந்தது. அதன் தலையைச் சீவினேன், உடல் தானாக மூடிக்கொண்டது. பைலட் இருக்கைக்குப் பின்னால் கறுப்பு அடித்தேன். குண்டுக் கதவு திறந்திருக்கிறது. அக்கா சொன்ன படமும் எடுத்தாயிற்று. எஞ்சினுக்கு ஒரு பழைய லிபரேட்டர், முந்நூறு ராண்ட், பேசி வைத்திருக்கிறேன்.

நேற்று முதுகுத் தையலுக்குப் பட்டி வைத்துத் தேய்க்கும்போது உள்ளே கடகடவென்று ஒரு சத்தம். குலுக்கினால் ஓடுகிறது. கெட்டில்தான் என்று நினைக்கிறேன். திறக்கவா?

உப்புத்தாள்

திறக்காதீர்கள்! குண்டுக் கதவு திறந்துதானே இருக்கிறது, கெட்டில் அந்த அறைக்கு உருண்டு வருகிறதா பாருங்கள். வந்தால் இடுக்கியால் எடுத்துவிடலாம். வராவிட்டால் விமானத்தைச் சாய்த்து, அது ஓடி நிற்கிற மூலையைக் கண்டுபிடித்து, அந்த மூலைக்கு நேராக அடிப்பக்கத் தையலில் அரை மில்லிமீட்டர் துளை போடுங்கள். வெள்ளைப் பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து இரண்டு சொட்டு விட்டு, அப்படியே சாய்த்து ராத்திரி முழுக்க வைத்துவிடுங்கள். காலையில் சத்தம் போயிருக்கும். துளைக்குப் பட்டி.

கோமதி அக்கா

எந்த மூலையில் ஒட்டிக்கொண்டது என்று மட்டும் எழுதுங்கள் தம்பி.

கரைவலைப் பேரன்

குண்டு அறைக்கு வரவில்லை அக்கா. சாய்த்துச் சாய்த்துப் பார்த்ததில் வால் பக்கத்துப் படுக்கை அறையில் போய் நிற்கிறது. பசை விட்டாயிற்று.