'கன உலோகம்' வேண்டாம், 'வல்லிசை' ஆகட்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஸீல் அண்ட் ஆர்டோர் என்ற இசைக்குழுவைப் பற்றிய அறிமுகக் குறிப்பைத் தமிழில் எழுதும் நண்பர், அக்குழுவின் இசைவகையான 'எக்ஸ்பெரிமென்டல் மெட்டல்' (புதுமுயற்சிகள் செய்யும் 'ஹெவி மெட்டல்' என்னும் உரத்த கிட்டார் இசை) என்பதற்குச் 'சோதனைக் கன உலோகம்' எனப் பரிந்துரைத்திருந்தார். அதைப் படித்ததும் எனக்குச் சிராங்கூன் சாலை நகைக்கடையில் உரைகல்லோடு அமர்ந்திருப்பவர்தாம் நினைவுக்கு வந்தார். கன உலோகம் என்பது ஈயம், பாதரசம், காட்மியம் முதலியவற்றுக்கு ஏற்கெனவே வழங்கும் சொல். குடிநீர்ச் செய்தியில் ஒரு பொருளும் இசைச் செய்தியில் வேறொரு பொருளும் தருவது நல்ல கலைச்சொல் ஆகாது.

'உலோகம்' என்ற சொல்லை விட்டால் இவ்விசையின் வரலாறு போய்விடும் என்று சிலர் கருதலாம். பர்மிங்காம் நகர உலோகத் தகட்டு ஆலையொன்றில் விரல் நுனிகளை இழந்த டோனி அயோமி, பின்னாளில் கிட்டார்க் கம்பிகளின் இறுக்கத்தைத் தளர்த்தி வாசித்தார் என்பதும், இவ்விசைக்கு முன்னோடியான அவருடைய பிளாக் சப்பத் குழுவின் தாழ்ந்து கனத்த ஒலிக்கு அது துணைசெய்தது என்பதும் உண்மைதான். ஆயினும் நாம் பெயரிட வேண்டியது ஆலையை அன்று, ஒலியின் வன்மையை. அதற்கு 'வல்லிசை' என்ற சொல் தொல்காப்பியச் செய்யுளியலிலேயே இருக்கிறது. அங்குக் கூறப்படும் இருபது வண்ணங்களுள் வல்லெழுத்து மிக்கு வருவது வல்லிசை வண்ணம். மெல்லெழுத்து மிக்கு வருவது மெல்லிசை வண்ணம். இவற்றுள் மெல்லிசையைத் திரைப்பாடலுக்கும் மேடைக் கச்சேரிக்கும் நாம் எடுத்துக்கொண்டுவிட்டோம். அதன் இணைச்சொல்லோ வேலையின்றிக் கிடக்கிறது. (மெட்டு அல்லாததுதான் 'மெட்டல்' என்று என் மைத்துனர் பிரித்துப் பொருள் சொல்வார். அவரையும் இச்சொல் ஓரளவு சமாதானப்படுத்தும்.)

அடுத்து, 'சோதனை'. தேவாலயத் தமிழில் சோதனை என்பது பாவத்தில் விழத் தூண்டுவது. வீட்டுத் தமிழில் அது கடவுள் நமக்குத் தரும் துன்பம். சமயத்தை எதிர்த்துப் பாடும் குழுவின் பெயருக்கு முன்னால் இச்சொல்லை வைத்தால், எழுதியவர் நினைக்காத கேலி ஒன்று தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். 'தேடல்' என்றாலோ ஆன்மிகத் தேடல் ஆகிவிடுகிறது. புதிய யாப்பில் புதியது பாடுவதை 'விருந்து' என்கிறது தொல்காப்பியம். எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. ஆனால் 'விருந்து வல்லிசை' என்று சுவரொட்டி ஒட்டினால் வாழையிலையை எதிர்பார்த்துத்தான் கூட்டம் வரும். நாடகத் துறையில் நிலைபெற்றுவிட்ட 'பரிசோதனை' போதும். ஆகவே என் பரிந்துரை 'பரிசோதனை வல்லிசை'.

மெட்டல் இசையின் ஒரு கிளையான 'பிளாக் மெட்டல்' என்பதைக் 'கறுப்பு வல்லிசை' ஆக்கலாமா என்பதுதான் இதனினும் சிக்கலான கேள்வி. வெனம் என்ற ஆங்கிலேயக் குழு 1982 இல் வெளியிட்ட இசைத்தொகுப்பின் தலைப்பிலிருந்து வந்த பெயர் அது. அங்கே கறுப்பு என்பது இருளையும் சாத்தானையும் சுட்டுகிறது. தமிழருக்கோ கருஞ்சட்டைதான் முதலில் தோன்றும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இக்குழுவைப் பொறுத்தவரை குழப்பம் இன்னும் பெரிது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மானுவேல் காக்னு தொடங்கிய ஸீல் அண்ட் ஆர்டோர், அமெரிக்காவில் அடிமைப்பட்டிருந்த ஆப்பிரிக்க மக்களின் பக்திப் பாடல் மரபையும் பிளாக் மெட்டலையும் ஒன்றாக இணைக்கிறது. அம்மக்கள் எசமானர்களின் கிறித்துவத்தை ஏற்காமல் சாத்தான் பக்கம் சென்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற கற்பனையே அதன் வித்து. 2020 இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட ஆண்டிலேயே நிறவெறிக்கு எதிரான பாடல்களையும் அக்குழு வெளியிட்டது. அப்படிப்பட்ட குழுவின் இசையைக் 'கறுப்பு வல்லிசை' என்றால், கறுப்பினத்தவரின் இசை என்றே வாசகர் கொள்வார். இரண்டு மரபுகள் மோதும் இடமே மறைந்துபோகும். அதனால் 'இருள் வல்லிசை' எனலாம்.

நண்பர் இசைவகையையும் பாடுபொருளையும் சேர்த்து 'நாத்திக உலோகம்' எனவும் ஒரு மாற்று தந்திருந்தார். இதை நான் உறுதியாக மறுக்கிறேன். ஒலியின் பெயரும் கொள்கையின் பெயரும் தனித்தனியே நிற்க வேண்டும். நம் சிங்கப்பூரில் 1992 இல் தோன்றிய ருத்ரா குழு, இதே உறுமலையும் வேகத்தையும் கொண்டு வேதாந்தத்தைப் பாடுகிறது. அதை எப்படி நாத்திக உலோகம் என்பது? தவிரவும், நாத்திகம் கடவுள் இல்லை என்னும் கொள்கை; சாத்தானைப் பாடுபவருக்குக் கடவுளும் கதையில் தேவைப்படுகிறார். நட்ட கல்லைச் சுற்றுவதை எள்ளிய சிவவாக்கியரை யாரும் நாத்திகர் என்பதில்லை. எனவே பாடுபொருளைக் குறிக்கச் 'சமய எதிர்ப்பு' என்றே எழுதலாம். இங்கு 'சமய நல்லிணக்கம்' என்னும் தொடர் பழகியிருப்பதால், 'மத எதிர்ப்பு' என்பதைவிட இது நம் வாசகருக்கு உடனே விளங்கும். 2019 மார்ச் 7 அன்று, நடக்கவிருந்த நாளிலேயே வாட்டேன் குழுவின் இசைநிகழ்ச்சி இங்கு நிறுத்தப்பட்டதை எழுதும்போது, 'சமய எதிர்ப்புப் பாடல்களைக் கொண்ட சுவீடன் நாட்டு இருள் வல்லிசைக் குழு' என இடறலின்றிச் சொல்ல முடிகிறது.

பாடகரின் 'க்ரௌல்' என்பதற்கு 'உறுமல்' போதும். 'பிளாஸ்ட் பீட்' எனப்படும் அதிவேக முரசடிக்கு மட்டும் எனக்குச் சொல் அகப்படவில்லை. தவில் வாசிக்கும் நண்பர்கள் யாரேனும் தங்கள் வழக்கிலிருந்து ஒரு சொல் தந்தால் அதையே கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடலாம்.