கட்டியிலுள்ள நொதியங்களை அளந்தால் இரைப்பைப் புற்றுநோய் திரும்புமா என்று அறியலாமா?

உவர்மலை மகன்:
வணக்கம். என் அப்பாவுக்கு 61 வயது. இரைப்பைப் புற்றுநோய்க்காக ஐந்து வாரங்களுக்கு முன் அவருக்குச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. நான்கு நிணநீர்க் கணுக்களில் நோய் பரவியிருந்ததாக நோயியல் அறிக்கை கூறுகிறது. அடுத்த வாரம் கபெசிற்றபீன் மாத்திரையும் ஒக்சலிபிளாற்றின் மருந்தும் (இரண்டும் புற்றுநோய்க்கு எதிரானவை) தொடங்கவுள்ளன. கட்டியிலுள்ள தைமிடிலேற் சிந்தேஸ், டி.பி.டி. (டைஹைட்ரோபிரிமிடின் டிஹைட்ரோஜினேஸ்) ஆகிய நொதியங்களை அளந்தால் மருந்து வேலை செய்யுமா, நோய் திரும்புமா என்று முன்கூட்டியே தெரிந்துவிடும் என்று வெளிநாட்டிலுள்ள சித்தப்பா சொல்கிறார். பணம் செலவழித்துக் கட்டியின் மாதிரியை அங்கே அனுப்புவது பயன் தருமா? எதையும் தவறவிட்டுவிடக் கூடாதென்ற பதைப்பில் கேட்கிறேன்.

உயிர்இரசாயன ஆசிரியர்:
தம்பி, உங்கள் சித்தப்பா சொல்வதில் இரண்டு வெவ்வேறு கேள்விகள் கலந்திருக்கின்றன. கபெசிற்றபீன் உடலுக்குள் படிப்படியாக மாறி, இறுதியில் தைமிடின் பொஸ்போரிலேஸ் என்னும் நொதியத்தால் 5-புளோரோயூராசில் என்னும் செயற்படும் மருந்தாகிறது. அது டி.என்.ஏ. ஆக்கத்துக்குத் தேவையான தைமிடிலேற் சிந்தேஸை முடக்குகிறது. டி.பி.டி. நொதியமோ, பெரும்பாலும் ஈரலில், அம்மருந்தின் 80 சதவீதத்துக்கும் மேலான பகுதியைச் சிதைத்துவிடுகிறது. ஆகவே கட்டியில் இவ்விரு நொதியங்களும் மிகுந்திருந்தால் மருந்து தோற்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள்.

ஆனால் சத்திரசிகிச்சைக்குப் பின், கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு மட்டும் எஸ்-1 மாத்திரை (உடலில் இதே 5-புளோரோயூராசிலாக மாறும் இன்னொரு மருந்து) கொடுத்து, 1059 பேரிடம் ஜப்பானில் நடத்தப்பட்ட பெரிய ஆய்வில், பின்னர் 829 பேரின் கட்டி மாதிரிகளைச் சோதித்தபோது, இவை மிகுந்திருந்தவர்களே அம்மருந்தால் கூடுதல் பயன் பெற்றதாகத் தெரிந்தது. எஸ்-1 மாத்திரையில் டி.பி.டி.யைத் தடுக்கும் ஜிமெராசிலும் சேர்ந்திருப்பதால், அந்த முடிவைக் கபெசிற்றபீனுக்கு அப்படியே பொருத்த முடியாது. மருந்துக்கு மருந்து பொருள் மாறுகின்ற ஓர் அளவீட்டை நம்பி அப்பாவின் சிகிச்சையை மாற்ற எந்த வைத்தியரும் முன்வரமாட்டார். பணத்தை அதற்குச் செலவிட வேண்டாம் என்பதே என் கருத்து.

உடலின் டி.பி.டி. பற்றிய கேள்வி வேறு, அதுவே அவசரமானது. பிறப்பிலேயே இந்நொதியம் குறைந்தவர்களிடம் மருந்து சிதையாமல் தேங்குவதால், வழக்கமான அளவே உயிராபத்தை விளைவிக்கலாம். இதனால்தான் ஐரோப்பிய மருந்து முகவரகம் 2020 ஆம் ஆண்டில், சிகிச்சை தொடங்குமுன் இக்குறைபாட்டைப் பரிசோதிக்கப் பரிந்துரைத்தது. இதற்குக் கட்டி தேவையில்லை, இரத்தம் போதும். அங்கு வழக்கமாகத் தேடப்படும் நான்கு மரபணு மாற்றங்களும் பெரும்பாலும் ஐரோப்பியரிடம் கண்டறியப்பட்டவை என்பதால், அவை இல்லையென்று முடிவு வந்தாலும் எம்மவர் முழுமையாக நிம்மதி கொள்ள இயலாது.

மூதூர் வாசகி:
என் அம்மாவுக்கும் இதே மாத்திரைதான், 14 நாட்கள் குடித்து 7 நாட்கள் ஓய்வு. முதற்சுற்றின் ஒன்பதாம் நாளில் வாய் முழுவதும் புண்ணாகி, வயிற்றோட்டமும் நிற்கவில்லை. கிளினிக் நாள் வரட்டும் என்று நாங்கள் இரண்டு நாட்கள் காத்திருந்தது இன்றும் என்னை உறுத்துகிறது. மாத்திரையை நிறுத்தி, சேலைன் ஏற்றி, அடுத்த சுற்றில் அளவைக் குறைத்தார்கள். அதன்பின் எட்டுச் சுற்றுகளையும் முடித்தார். காய்ச்சல் 38 பாகைக்கு ஏறினாலோ வயிற்றோட்டம் கூடினாலோ, அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் அன்றே, இரவானாலும், வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

உவர்மலை மகன்:
அக்காவுக்கும் ஐயாவுக்கும் நன்றி. இரத்தப் பரிசோதனை பற்றி வைத்தியரிடம் கேட்கவேண்டுமெனக் கிளினிக் கொப்பியிலேயே எழுதிவிட்டேன். ஒன்று மட்டும்: நோய் திரும்பும் வாய்ப்பை அறிய வேறு வழியே இல்லையா?

உயிர்இரசாயன ஆசிரியர்:
உங்கள் கையிலிருக்கும் நோயியல் அறிக்கைதான் இன்றைக்கு எந்த நொதியத்தையும்விட நம்பத்தக்கது. கட்டி இரைப்பைச் சுவரில் எவ்வளவு ஆழம் ஊடுருவியது, வெட்டிய விளிம்புகளில் நோயணுக்கள் எஞ்சினவா, மொத்தம் எத்தனை கணுக்கள் பரிசோதிக்கப்பட்டன என்று பாருங்கள். குறைந்தது 16 கணுக்களையாவது பரிசோதித்திருந்தால்தான், அந்த நான்கு என்ற எண்ணிக்கையை நம்பி நோயின் நிலையைக் கணிக்கலாம்.