'மாற்று எண்' வேண்டாம், 'வாரிசு எண்' சரியா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

போன வாரம் சூப்பர்செஷனுக்கு, அதாவது உதிரிப்பாகத்தின் பழைய எண்ணுக்குப் பதில் கம்பெனி புது எண் போடுவதற்கு, 'மாற்று எண்' என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டோம். அதைத் திரும்ப எடுக்க வேண்டும். அன்றைக்குச் சரி என்று தலையாட்டியவர்களில் நானும் ஒருவன். சனிக்கிழமை சிங்கப்பூர் ஜாலான் புசார் பக்கம் ஓர் உதிரிப்பாகக் கடைக்குப் போய்வந்த பிறகு மனம் மாறிவிட்டது.

என் கார் ஒன்பது வயது டொயோட்டா ஆல்டிஸ். வழக்கமான சர்வீசுக்கு விட்டபோது மெக்கானிக் வாட்டர் பம்புக்குக் கீழே டார்ச் அடித்துக் காட்டினார். இளஞ்சிவப்பாக ஒரு கறை, உப்புப் பூத்த மாதிரி. கூலண்ட் கசிந்து காய்ந்த தடம். பம்பை நீங்களே வாங்கி வாருங்கள், மாட்டித் தருகிறேன் என்றார். நானும் பாக எண்ணை இணையத்தில் தேடி ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனேன்.

கடை அங்கிள் எண்ணைத் தட்டினார். "திஸ் நம்பர் டை ஆல்ரெடி" என்றார். எனக்குப் பகீரென்றது. அவர் நிதானமாக உள்ளே போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். முதல் ஐந்து இலக்கம் அதே 16100, கடைசி இலக்கம் மட்டும் ஒன்று கூடியிருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். நான் கேட்ட எண், பக்கத்தில் ஓர் அம்புக்குறி, அப்புறம் பெட்டியில் இருந்த எண். அந்த அம்புக்குறிக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

டொயோட்டா எண்களில் முதல் ஐந்து இலக்கம் அது என்ன பாகம் என்று சொல்லும். 17801 என்றால் ஏர் ஃபில்டர், 04465 என்றால் முன் பிரேக் பேட், 90919-01 என்று தொடங்கினால் ஸ்பார்க் பிளக். எந்த வண்டிக்கு, எந்த வடிவம் என்பதெல்லாம் பின்பாதியில் இருக்கும். பாகத்தில் சிறு திருத்தம் செய்தாலோ, செய்துதரும் ஆலை மாறினாலோ, மூன்று எண்களை ஒன்றாக்கினாலோ கம்பெனி புது எண் போட்டுவிடும். அதன் பிறகு பழைய எண்ணில் ஆர்டர் கொடுத்தாலும் வருவது புதியதுதான்.

'மாற்று எண்' ஏன் உதவாது? கடையில் அதைச் சொன்னால் இன்னொரு விஷயம்தான் நினைவுக்கு வரும். 90919-01253 என்ற பிளக்கை, பிளக் செய்யும் டென்சோ கம்பெனி தன் பெட்டியில் எஸ்சி20எச்ஆர்11 என்று போட்டு விற்கிறது. கடைசி 11 என்பது பிளக் முனையில் உள்ள 1.1 மி.மீ. இடைவெளி, நடுவிலுள்ள 20 வெப்ப எண். இங்கே ஒரே பொருளுக்கு இரண்டு கம்பெனிகளின் எண்கள், எதைக் கேட்டாலும் சரி. இதற்கு 'இணை எண்' என்பது பொருந்தும். (இதிலும் ஒரு பொறி உண்டு. டென்சோ, என்ஜிகே இரண்டிலும் வெப்ப எண் ஏற ஏறப் பிளக் 'குளிர்', அதாவது சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடும். போஷில் நேர் எதிர். எண்ணை எண்ணோடு ஒப்பிட்டு வாங்குகிறவர்கள் இங்கேதான் வழுக்கி விழுவார்கள்.)

சூப்பர்செஷன் ஒருவழிப் பாதை. புது எண் பழைய இடத்தில் உட்காரும். புது எண்ணைக் கேட்கும் வண்டியில் பழையது உட்காரும் என்று உறுதியில்லை. நான் இதில் ஏற்கெனவே சூடுபட்டவன். இரண்டு வருடத்துக்கு முன் இணையத்தில் ஒருவர் 'மாற்று எண்தான், ஒன்றும் ஆகாது' என்று தெர்மோஸ்டாட் ஒன்றைத் தலையில் கட்டினார். அது பழைய எண், என் வண்டிக்கு வேண்டியது புதியது. ரப்பர் வளையம் ஒரு மயிரிழை சிறியது. நாற்பது வெள்ளியோடு அரைநாள் லீவும் போனது.

ஆகவே என் பரிந்துரை 'வாரிசு எண்'. அப்பா இடத்துக்கு மகன் வரலாம், மகன் இடத்துக்கு அப்பா வருவதில்லை. சங்கிலியாக நாலு எண் மாறினால் நாலு தலைமுறை. முன்பு கேஸ்கட்டோடு சேர்த்து விற்ற பம்பை இப்போது தனித்தனியாக விற்றால் ஓர் அப்பாவுக்கு இரண்டு வாரிசு. சொல் எல்லாவற்றுக்கும் வளைந்து கொடுக்கிறது.

'மேலமர்வு எண்' என்று எழுதிய நண்பர் கோபித்துக்கொள்ளக் கூடாது. லத்தீன் மூலத்தில் 'மேலே உட்கார்தல்' என்று இருப்பது உண்மைதான். ஆனால் கடையில் போய் மேலமர்வு என்றால் நாற்காலி கவர் எடுத்துத் தருவார்கள்.

ஈசூனிலிருந்து

* * *

மறுமொழி:

> ஆகவே என் பரிந்துரை 'வாரிசு எண்'

கருத்து சரி, சொல் சரியில்லை. வாரிசு அரபியிலிருந்து வந்தது. கலைச்சொல் பட்டியலில் இதை ஏற்றினால் நாளைக்கு எதையும் ஏற்றலாம். லிஃப்டுக்கு மின்தூக்கி என்று நாம் எழுதத் தொடங்கியபோது சிரித்தவர்கள் உண்டு. இன்று புளோக்குக்குக் கீழே எல்லாரும் படிக்கிறார்கள். பெருவிரைவு ரயிலும் அப்படித்தான். 'முன்னெண்', 'பின்னெண்' என்று வைத்துப் பாருங்கள். குறுகியது, ஜோடியாகவும் வருகிறது.

இன்னொன்று. அப்பா இறந்த பிறகுதானே வாரிசு? பழைய எண் போட்ட பெட்டி அலமாரியில் இருந்தால் அது நல்ல பாகம்தான், உரிய வண்டிக்குத் தாராளமாக மாட்டலாம். 'செத்த எண்' என்ற நினைப்பு வந்துவிடக் கூடாது.

உட்லண்ட்சிலிருந்து

* * *

ஐயா,

இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. ஆனால் வாரிசு என்று அறிவிப்பதற்கு அப்பா சாக வேண்டியதில்லை, அவர் ஈசிசேரில் உட்கார்ந்திருக்கும்போதே கடைச்சாவி மகன் கைக்குப் போய்விடுகிறது. அலமாரியில் இருக்கும் பழைய பெட்டிக்கு இது அப்படியே பொருந்தும்.

முன்னெண், பின்னெண் எனக்கும் பிடித்தன, வாயால் சொல்லிப் பார்க்கும் வரை. 'பின்னெண் சொல்லுங்கள்' என்றால் ஏடிஎம் ரகசிய எண்ணைக் கேட்கிறார் என்று அடித்துப்பிடித்து ஓடுவார்கள். இப்போது இருக்கிற மோசடிக்காரர்கள் தொல்லையில் அது வேறு தேவையா? மின்தூக்கி நின்றதற்கு அது சுத்தத் தமிழ் என்பது மட்டும் காரணமில்லை, கேட்ட மாத்திரத்தில் பொருள் விளங்கியது.

நேற்று மாலை காரை எடுக்கப் போனபோது ஒரு சோதனை செய்தேன். மெக்கானிக் ஜோகூரிலிருந்து தினமும் கடற்பாலம் தாண்டி வருகிற தமிழர். நம் குழுவைப் பற்றி எதுவும் தெரியாது. பம்புப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எண் வேறயா இருக்கேண்ணே?" என்றார். "அது வாரிசு எண்" என்றேன், வேறு விளக்கம் சொல்லாமல். ஒரு நொடி யோசித்தார். பேனாவை எடுத்து, பெட்டி மூடியில் எழுதத் தயாராகிக்கொண்டே கேட்டார்:

"சரி, அப்பா நம்பர் என்ன?"