பூரணம் வெளியே வந்த கதை

எமல்ஷன் பாலிமரை (தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பாலிமர் துகள்கள், பெயிண்டில் இருப்பது) நான் முதலில் சந்தித்தது லேபில் இல்லை, ஊட்டியில் எங்கள் வீட்டுச் சுவரில். உறைபனி விழும் டிசம்பர் வாரத்தில் அப்பா அவசரப்பட்டு வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடித்தார். மறுநாள் தொட்டால் விபூதி மாதிரி கையோடு வந்தது. போலிச் சரக்கு என்று கடைக்காரரோடு ஒரே சண்டை. பாவம், அவர் மேல் தப்பே இல்லை.

தண்ணீர் காய்ந்ததும் பாலிமர் துகள்கள் அமுங்கி ஒன்றோடொன்று ஒட்டினால்தான் படலம். குளிரில் விறைத்துக்கொண்டால் வெறும் தூள். உள்ளே கெட்டி, வெளியே மிருது என்று ஒவ்வொரு துகளையும் கொழுக்கட்டை போலச் செய்துவிட்டால் குளிரிலும் ஒட்டும்.

பிற்பாடு ஆராய்ச்சிப் படிப்பில் இந்தக் கொழுக்கட்டை எப்படி உருவாகிறது என்று சமன்பாடு எழுதுவதே என் வேலையானது. முதலில் ஊற்றியது உள்ளே, அடுத்து ஊற்றியது வெளியே என்றுதான் நினைத்திருந்தேன். பயிற்சிக்காக முதலில் செய்துவைத்த அக்ரிலிக் (பிஎம்எம்ஏ என்ற பாலிமர்) துகள்களை விதையாக வைத்து, பாலிஸ்டைரீனாக மாறும் ஸ்டைரீன் திரவத்தை மொத்தமாக ஊற்றி, ஊறவிட்டு, 70 டிகிரியில் வினை நடத்தினோம். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் பல துகள்களில் பாலிஸ்டைரீன் உள்ளே, அக்ரிலிக் வெளியே. பூரணம் வெளியே வந்துவிட்டது!

இங்கே மூன்று பரப்பு இழுவிசைகள் உண்டு: இரண்டு பாலிமர்களுக்கு இடையே ஒன்று, ஒவ்வொரு பாலிமருக்கும் தண்ணீருக்கும் இடையே ஒவ்வொன்று. ஒவ்வோர் அமைப்பிலும் பரப்பளவை அதற்குரிய இழுவிசையால் பெருக்கிக் கூட்டினால், எதில் கூட்டுத்தொகை குறைவோ அதைத்தான் துகள் விரும்பும். அக்ரிலிக்குக்குத் தண்ணீரோடு ஒட்டுதல் அதிகம். வழி கிடைத்தால் வெளியே வரும். அந்த வழியை நாங்களே திறந்துவிட்டிருந்தோம்: ஊறிய விதை இளகிப் போயிருந்தது. அடுத்த முறை ஸ்டைரீனை மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக விட்டோம். விதை விறைப்பாகவே இருந்தது, புதுப் பாலிமர் சங்கிலிகள் மேல்தோலிலேயே மாட்டிக்கொண்டன. ஊற்றும் வேகத்தை நான் முக்கியமில்லாத எண்ணாக நினைத்து, சமன்பாட்டில் மாறிலியாக வைத்திருந்தேன். வெட்கம்தான்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். "அப்போ மார்ச்ல அடிச்சிருக்கலாம்னு சொல்ற" என்றார்.

இதைப் படித்துவிட்டுக் கொடைக்கானலிலிருந்து ஒருவர் எழுதியது:
என்னைக் குழப்பியது 'அரை ரேடிக்கல்'. ரேடிக்கல் என்றால் பாலிமர் சங்கிலியை வளரவைக்கும், சட்டென்று வினைபுரியும் மூலக்கூறுத் துண்டு. எமல்ஷன் பாலிமர் வினையை விளக்க 1948-ல் வந்த ஸ்மித்–ஈவார்ட் கணித மாதிரியில் ஒரு துகளுக்குச் சராசரி அரை ரேடிக்கல் என்று வரும். அரை எப்படி இருக்கும் என்று ஒரு வாரம் முழித்தேன். ஒரு ரேடிக்கல் நுழைந்தால் சங்கிலி வளரும்; இரண்டாவது நுழைந்ததும் இரண்டும் முடிந்து துகள் காலி. ஒரே ஸ்விட்சை மாற்றி மாற்றித் தட்டுவது போல, பாதி நேரம் விளக்கு எரியும், பாதி நேரம் இருட்டு. துகள் பெரிதாகிவிட்டால் இது பொருந்தாது, சரி, அது வேறு தலைவலி.

குன்னூர்க்காரர் ஒருவர் எழுதியது:
நமக்குக் கணக்கு வராது, அனுபவம் மட்டும். கீழே சமவெளியில் எழுதிய எமல்ஷன் பாலிமர் செய்முறையில் கடைசி ஒரு மணி நேரம் 95 டிகிரி என்றிருந்தது. ஊட்டியில் தண்ணீரே 93 வாக்கில் கொதித்துவிடும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சோப்புக் கரைசல் வேறு. நுரை பொங்கி, குடுவை வாய் வழியாக ஹீட்டர் மேலெல்லாம் வழிந்து படலமாக உறைந்தது. மறுநாள் 85 டிகிரிக்கு இறக்கி, நேரத்தை மூன்று மடங்குக்கு மேல் நீட்டினோம். ஹீட்டரைச் சுரண்டியது நான்தான்.